கைபேசியில் படம் எடுப்பது: காவிரிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் படம் எடுத்தும் பிரிண்ட் போட்டும் பிழைத்தவன் நான். ஸ்டூடியோவை மூடிவிட்டேன், கேள்விகள் மூடவில்லை. காய்கறிக் கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட போனை நீட்டி, “இது ஏன் இப்படி வந்திருக்கிறது?” என்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். என் பதில்களில் பாதி போனைப் பற்றி இருக்காது; நீங்கள் நிற்கும் இடத்தையும் வெயிலையும் பற்றித்தான் இருக்கும்.

50 மெகாபிக்சல் போன் வைத்திருக்கிறேன். 108 வாங்கினால் படம் இரண்டு மடங்கு நன்றாக வருமா?

வராது. 50 என்று பெட்டியில் அச்சிட்ட போன் வழக்கமாகச் சேமிப்பது 12.5 மெகாபிக்சல், அதாவது 125 லட்சம் புள்ளி உள்ள படத்தைத்தான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நான்கை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. 108 என்றால் ஒன்பதைச் சேர்த்து 12 ஆக்குகிறது. ஆக, கையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்தப் பணத்தில் ஊருக்கு நான்கு தடவை போய் வாருங்கள். நல்ல படங்கள் கிடைக்கும்.

எல்லாப் படமும் புகை படிந்தது போல மங்கலாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

என்னிடம் வந்த பத்துப் போன்களில் ஏழெட்டுக்கு வைத்தியம் ஒரே ஒரு துடைப்புத்தான். தேங்காய் எண்ணெய், வியர்வை, காலையில் சாப்பிட்ட பொங்கலின் நெய் எல்லாம் லென்ஸ்மேல்தான் போய் உட்காருகின்றன. விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் நீளமான கோடும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், விரல் ரேகைதான். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய பருத்தி வேட்டியின் ஓரம் போதும். வயலிலிருந்து வந்த சட்டையால் துடைக்காதீர்கள்; அதில் மணல் இருக்கும். லென்ஸ்மேல் தனியாக மலிவுக் கண்ணாடி ஒட்டியிருந்தால் பிய்த்துப் போடுங்கள். கீறல் விழுந்த அந்தக் கண்ணாடி வழியாகத்தான் உங்கள் கேமரா உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

குளிர்சாதனப் பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் எடுத்த படம் வெள்ளையாக வந்தால் அது வேறு விஷயம். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று நீராகப் படிகிறது. ஐந்து நிமிடம் பொறுங்கள், தானே விலகிவிடும்.

பகலில் நல்ல வெயில் இருந்தும் முகம் கறுத்து, கண்ணிருக்கும் இடம் குழியாகத் தெரிகிறதே?

நல்ல வெயில் இருப்பதால்தான். தஞ்சாவூர் இருப்பது வட அகலாங்கு 10.8 பாகையில். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25ஐ ஒட்டியும், உச்சி வேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. மற்ற மாதங்களிலும் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிறது. நெற்றியும் மூக்கும் பளபளக்கும். கண்ணும் கழுத்தும் இருளில் மூழ்கும். எந்தப் போனும் இதைச் சரிசெய்யாது.

ஆளை நகர்த்துங்கள். வேப்பமரத்தடி நல்லது என்று நினைப்பீர்கள். ஆனால் இலையிடுக்கில் ஒழுகும் புள்ளிவெயில் முகத்தில் அம்மை போட்டது போல விழும். திண்ணைதான் சிறந்தது. அதைவிடச் சிறந்தது, பழைய வீட்டு முற்றம். இதை நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில்கூட வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தயங்கினேன், பிழைப்பு கெட்டுவிடுமே என்று: முற்றம் உள்ள வீட்டுக்கு ஸ்டூடியோவே தேவையில்லை. தாழ்வாரத்தின் ஓரத்தில், வெயில் மேலே படாத இடத்தில், முற்றத்தைப் பார்த்து ஆளை உட்கார வையுங்கள். திறந்த வானத்திலிருந்து இறங்கி, சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் முகத்தை மெல்லத் தடவும். பின்னால் கூடத்து இருட்டு தானாகவே திரை கட்டிவிடும். நீங்கள் முற்றத்துப் பக்கம் நின்று எடுங்கள். வெளிச்சத்தை மட்டும் உங்கள் உடம்பால் மறைத்துவிடாதீர்கள்.

வெளியில்தான் எடுக்க வேண்டும் என்றால் மாலைக்குக் காத்திருங்கள். நம் ஊரில் சூரியன் சாய்ந்து சாய்ந்து போவதில்லை. கிணற்றில் விழும் வாளி மாதிரி இறங்கும். அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலே இருக்கும் சூரியன் மறைய ஏறத்தாழ 40 நிமிடம்தான். அந்த மஞ்சள் வெயில் வந்த பிறகு புடவை மாற்றப் போனால் அது உங்களுக்காக நிற்காது.

பாட்டியைப் படம் எடுத்தால் முகத்தில் மாவு பூசியது போல வருகிறது.

அழகூட்டும் வசதி எதையோ போன் தானாகவே போட்டுவைத்திருக்கிறது. பியூட்டி என்ற பெயரில் இருக்கும். சில போன்களில் நட்சத்திரம் போட்ட முகப் படமாக இருக்கும். அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். சுருக்கத்தை அழிப்பதோடு நிற்காமல் அது நிறத்தையும் வெளுத்துவிடுகிறது. எண்பது வருடம் வெயிலில் நின்று வந்த கறுப்பு அது. அதை வெளுக்க இந்த இயந்திரத்துக்கு யார் உரிமை கொடுத்தது என்று எனக்குக் கோபமே வருவதுண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. முகத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று அடி பின்னால் போய், 2 என்று எழுதிய பொத்தானைத் தொட்டு எடுங்கள். குடும்பப் படத்துக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. இடம் போதவில்லை என்று 0.5 என்று எழுதிய அகலக்காட்சி லென்ஸுக்குப் போனால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள். ஏற்கெனவே சற்றுப் பருமனான மாமாவை ஓரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

பெரிய கோயில் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல இருக்கிறது. நேராக எடுப்பது எப்படி?

அண்ணாந்து பார்த்து எடுக்கிறீர்கள், அதனால்தான். போனை மேல்நோக்கிச் சாய்த்தால் இணையாக எழும் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும். தஞ்சை விமானத்தின், அதாவது கருவறைமேல் எழும் அந்தக் கோபுரத்தின், உயரம் சுமார் 216 அடி. அதன் காலடியில் நின்றுகொண்டு உச்சி வரை வேண்டும் என்றால் சாய்க்காமல் முடியாது. எனவே பின்னால் போங்கள். பிரகாரம் அவ்வளவு பெரிதாக இருப்பது நம் நல்வினை. நந்தி மண்டபத்துக்கும் பின்னால் நின்று, போனை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். கீழே தரை நிறைய வரும், வரட்டும். அந்தத் தரையில் ஒரு குழந்தை ஓடினால் விமானம் எவ்வளவு பெரியது என்பது படத்திலேயே தெரிந்துவிடும். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் சாய்வு அப்போதே தெரியும்.

நேரமும் முக்கியம். கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் வாசல் வழியாக நுழைகிற உங்கள் முதுகுப் பக்கம் சூரியன். முகப்பு முழுவதும் ஒளியில் இருக்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும்; கிடைப்பது கறுப்பு முக்கோணம். மாலையில் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு மேற்கு மூலைக்குச் செல்ல வேண்டும். 1010ஆம் ஆண்டில் முடிந்த அந்தக் கல் தேன் நிறமாவதை அங்கேதான் பார்க்கலாம். முகப்பில் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

தாராசுரத்தில் இந்தச் சாய்வுத் தொல்லை குறைவு. அங்கே முழுக் கோயிலை விட்டுவிட்டு, தேர் போன்ற மண்டபத்தின் கல் சக்கரத்துக்குப் போங்கள். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலில்தான் செதுக்கல் எழுந்து நிற்கும்.

கோயிலுக்குள் படம் எடுக்கலாமா?

கருவறையை எடுக்கக் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள், காவலரைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். கையில் போன் இல்லாமல் சாமி கும்பிடுவதும் ஒரு சுகம்தான்.

நெற்பயிரில் நோய் வந்திருக்கிறது. வேளாண் அலுவலருக்குப் படம் அனுப்பினால், “எதுவும் தெரியவில்லை, நேரில் கொண்டு வாருங்கள்” என்கிறார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் மரியாதை கொடுக்கிறேன். மற்றதெல்லாம் ஆசைக்கு எடுக்கும் படம். இது சோற்றுக்கு எடுக்கும் படம்.

பெரும்பாலோர் வரப்பில் நின்றபடி ஒரே ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் பச்சை தெரியும், நோய் தெரியாது. நான்கு படம் எடுங்கள். முதலில் வயல் முழுவதும்: பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கிறதா, ஓரத்திலா, தண்ணீர் தேங்கும் பள்ளத்திலா என்று அதில்தான் தெரியும். புகையான் என்ற பூச்சி விழுந்த வயலில் வட்ட வட்டமாகக் காய்வது தூரத்துப் படத்தில்தான் பிடிபடும். அடுத்து ஒரு தூர் முழுவதும். மூன்றாவது, இலை. நான்காவது, தூரின் அடிப்பகுதி. கடைசிப் படத்தை யாரும் எடுப்பதில்லை. புகையான் பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதோ தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரடியில். பயிரை இரண்டு கையாலும் விலக்கிப் பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு குனிந்து எடுங்கள்.

இலையை எடுக்கும்போது போனை இலையில் ஒட்டுகிறார்கள். பெரும்பாலான போன்களின் முக்கிய லென்ஸுக்கு ஒரு சாண் தூரமாவது வேண்டும்; அதைவிட நெருங்கினால் கலங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2 மடங்கு ஜூம் வையுங்கள். இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளையோ உங்கள் உள்ளங்கையையோ வையுங்கள். இல்லாவிட்டால் போன் பின்னாலிருக்கும் பயிரைப் பார்த்துக் கூர்மையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். திரையில் தெரியும் நோய்ப்புள்ளியை விரலால் தொட்ட பிறகு எடுங்கள். இலை ஆடினால் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியோ ஒரு ரூபாய் நாணயமோ இருந்தால் அளவு தெரியும். குலைநோயின் புள்ளி கண் வடிவில் இருக்கும், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. இந்த நிற வேறுபாடு நேர்வெயிலில் வெளுத்துவிடும். உங்கள் உடம்பின் நிழல் இலைமேல் விழும்படி நின்றுகொண்டு எடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் நிழல் விழக் கூடாது என்பேன். இங்கே மட்டும் விழட்டும். இலைச்சுருட்டுப்புழு என்று சந்தேகம் இருந்தால் சுருண்ட இலையைப் பிரித்து, உள்ளே இருக்கும் புழுவோடு எடுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எங்கே, எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்பையும் நீக்கிவிடும். கோப்பை இணைக்கும் குறியை (பேப்பர் கிளிப் அல்லது +) தொட்டு, டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். மழையில் சாய்ந்த பயிரை எடுத்து வைக்கிறவர்கள் கேமரா அமைப்பில் இருப்பிடம் பதியும் வசதியை முன்பே போட்டுவையுங்கள். வெள்ளம் வந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நடவு வயலில் பெண்கள் வேலை செய்வதை எடுக்க ஆசை. எப்படி எடுத்தால் அழகாக இருக்கும்?

முதலில் கேளுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால் கார் நிறுத்தி எடுக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எடுப்பதெல்லாம் குனிந்த முதுகு. ஒருமுறை திருவாரூர்ப் பக்கம் ஒரு அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எங்களுக்கு முகமும் இருக்கிறது, தம்பி” என்றார். அதிலிருந்து நான் தேநீர் வேளைக்குத்தான் போகிறேன். வரப்பில் உட்கார்ந்து, சேறு காயாத கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்யும் நேரம் அது. எடுத்ததை அவர்களுக்குக் காட்டுங்கள். பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் கண்டிப்பாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பொய்யை அங்கே பலர் கேட்டிருக்கிறார்கள்.

நாற்று நட்ட வயலின் தண்ணீரில் வானம் தெரிவதை எடுக்க வேண்டுமென்றால் காலை காற்று எழுவதற்கு முன் போங்கள். போனை நீர் மட்டத்துக்கு இறக்கிப் பிடியுங்கள், நழுவாமல்.

திருபுவனம் பட்டு விற்கிறேன். அரக்கு நிறப் புடவை போனில் தக்காளி நிறமாக வருகிறது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டு தவறு சேர்ந்து நடக்கிறது. ஒன்று, வெளிச்சம் கலப்படம். ஜன்னல் வழியே பகல் வெளிச்சம், மேலே எல்.இ.டி., பக்கத்தில் மஞ்சள் பல்பு என்று மூன்று நிறம் விழுந்தால் போன் எதை நம்பும்? எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, நேர்வெயில் வராத ஜன்னலருகே விரித்து எடுங்கள். வடக்கு ஜன்னல் நல்லது.

இரண்டாவது, போனின் கணக்கு. காட்சி எதுவானாலும் அது நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். திரை முழுக்க அடர்ந்த அரக்கு இருந்தால், “இருட்டாக இருக்கிறதே” என்று வெளுத்துக் கொடுக்கும். திரையில் புடவையைத் தொட்டால் பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சூரியன் வரும். அதைக் கீழே இழுங்கள், கையிலுள்ள நிறமும் திரையிலுள்ள நிறமும் ஒத்துப்போகும் வரை. வெள்ளை வேட்டி விற்கிறவர்களுக்கு இது தலைகீழ்: வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும், சூரியனை மேலே தள்ள வேண்டும். மார்கழிக் கோலத்துக்கும் இதே சூத்திரம்தான். சாணம் தெளித்த தரை கறுப்பு என்பதால் போன் வெளுத்து, மாவுக்கோடு தரையோடு கரைந்துவிடும். கொஞ்சம் இறக்குங்கள்.

ஜரிகைக்கு ஃபிளாஷ் ஆகாது, வெள்ளைத் திட்டாகிவிடும். முந்தியைச் சற்றே மடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்தால் ஜரிகை மின்னும், பட்டும் தெரியும். புடவைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள்; தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் உண்மை என்று வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

கார்த்திகை விளக்கு வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது.

திரையில் சுடரைத் தொட்டு, விரலை எடுக்காமல் இரண்டு விநாடி அழுத்துங்கள், வெளிச்சமும் கூர்மையும் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியனைக் கீழே இழுங்கள். சுற்றிலும் இருண்டால் கவலை வேண்டாம், விளக்குக்கு இருட்டுத்தான் அழகு. நைட் மோட் வேண்டாம். அது பல படங்களை அடுக்கி இரவைப் பகலாக்கிவிடும்.

கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றனவே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமைப்பில் இந்த மினுக்கத்தைத் தடுக்கும் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் 50 என்று வையுங்கள். ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, நீங்களே மாற்றும் புரோ மோட் இருந்தால் 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள்.

திருவாரூர்த் தேர் நகரும்போது எடுத்தால் எல்லாமே கலங்கிவிடுகிறது.

தேர் கலங்குவதில்லை, அது மெதுவாகத்தான் நகரும். கலங்குவது உங்கள் கை. கூட்டம் இடிக்கும்போது இரண்டு முழங்கையையும் விலாவோடு சேர்த்து, மூச்சை நிறுத்தி எடுங்கள். அலங்கரித்த ஆழித்தேர் சுமார் 96 அடி உயரம் என்பார்கள். முழுவதையும் அடக்கப் பார்த்தால் எல்லோரிடமும் இருக்கும் அதே படம்தான் கிடைக்கும். வடத்துக்குப் போங்கள். வடம் பிடித்தவர்களின் உள்ளங்கை, நிலத்தில் ஊன்றிய பாதம், பின்னால் மங்கலாகத் தேரின் குதிரைகள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பல போன்கள் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுக்கும். வீட்டுக்குப் போய் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். அவர்கள் வேலை உயிர்ப்பணயம். நடுவில் நீங்கள் போனோடு நிற்கக் கூடாது.

கோடியக்கரையில் பூநாரைகளை ஜூம் செய்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது.

வரும். போனில் தொலைவு லென்ஸ் இல்லாவிட்டால் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பறவையை விடுங்கள், சதுப்பு நிலத்தையும் வானத்தையும் எடுங்கள். நடுவே ஒரு ரோஜா நிறக் கோடாகப் பூநாரைகள் இருக்கட்டும். அருகில் போகப் பார்த்தால் எல்லாம் பறந்துவிடும், மற்றவர்களுக்கும் இல்லாமல் போகும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டலாமா?

சாதாரணமாக அனுப்பியது என்றால் அதன் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிதான். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 1200க்கு 1800 வேண்டும்; சற்றுக் குறைவுதான், ஆனாலும் அந்த அளவுக்குச் சமாளிக்கும். கூடத்தில் மாட்டும் அளவுக்குப் போனால் முகம் மெழுகாகும். எடுத்தவரிடம் கேட்டு மூலக்கோப்பை டாக்குமென்ட்டாக வாங்குங்கள். காலமானவர்களின் படத்தைச் சட்டம் போடக் கொண்டுவரும் வீடுகளில்தான் இந்த வருத்தம் அதிகம். கல்யாண மண்டபத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி, அதுவும் பத்துக் கை மாறி வந்த வாட்ஸ்அப் படத்திலிருந்து. எத்தனை தடவை எனக்குக் கைவிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது!

ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. எங்கே வைப்பது?

இரண்டு இடத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நனைந்த ஆல்பங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்கப் பிரிக்க நிறம் கையோடு வந்தது. பென் டிரைவில் ஒரு பிரதி போட்டு வேறு ஊரில் இருக்கும் மகளிடமோ அண்ணனிடமோ கொடுத்துவையுங்கள். கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு பழக்கம் என்றால் அதிலும் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முப்பது படத்தைப் பிரிண்ட் போடுங்கள். எந்த முப்பது என்று முடிவு செய்ய வீட்டில் எல்லோரும் உட்கார வேண்டியிருக்கும். தீபாவளி விடுமுறையில் செய்தால் ஒரு மத்தியானம் போதும்.